அழித்த விடைகளின் தடம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தம் வராது, கேட்டால் பதில் வராது. பதினாறு வருஷம் ஒரே இடத்தில் வேலை செய்தும், அவள் குரல் எப்படியிருக்கும் என்று சூப்பர்வைசருக்கே சரியாகத் தெரியாது. ஆனால் கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த வார்டு விரிப்பில் எந்தக் கறை வரும், எந்த இயந்திரம் எந்த நேரத்தில் மூச்சு வாங்கும், யாருக்கு யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

அவள் வாயைத் திறந்து பேசும் ஒரே ஆள் பெரியக்கா. இரண்டு பேரும் மடிப்பு மேசை ஜோடி. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விலகி நின்று உதற வேண்டும். பிறகு நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி நெருங்க வேண்டும். ஒரு விரிப்புக்கு மூன்று தடவை முகத்துக்கு முகம். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. பெரியக்காவுக்கு ஐம்பத்தேழு வயது, எழுதப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் நிற்காது. பூனையின் புருஷன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். அவர்கூடத் தன் வாழ்நாளில் பூனையின் முகத்தை அத்தனை தடவை கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சுவரில் தாள் ஒட்டினார்கள். சலவையை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறார்கள். இங்கே இருக்கிறவர்களில் ஆங்கிலப் பரீட்சையில் நூற்றுக்கு ஐம்பது எடுப்பவர்களுக்குப் பதிவேட்டுப் பிரிவிலோ வார்டு மேசையிலோ இடம் உண்டு. வருஷத்துக்கு ஒரு பரீட்சை. மொத்தம் மூன்று தடவை எழுதலாம். மூன்றிலும் தேறாதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பாதிப் பேர் அன்றைக்கே கையை விரித்துவிட்டார்கள். "நமக்கும் இங்கிலீஷுக்கும் என்னடி சம்பந்தம்? ஒட்டும் இல்ல, உறவும் இல்ல," என்றாள் பெரியக்கா. பூனை அந்தத் தாளை மறுபடி படித்தாள். எட்டாம் வகுப்பில் நின்றவள் அவள். அம்மா படுக்கையில் விழுந்ததால் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டியவள். அது மாட்டியபடியே கிடந்து, பிறகு வெங்காயம் போட்டு வைக்க உதவியது. ஆனால் இந்தப் படிக்கட்டு, இந்த நீராவி, இந்த வெள்ளைத் துணி வாசனை, இதைவிட்டால் தனக்கு வேறு இடமில்லை என்று அவளுக்குத் தெரியும். புது இடத்தில் போய் வேலை கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டும். அதற்குப் பரீட்சை எழுதுவதே மேல்.

அடுத்த வாரம் பழைய காகிதக் கடையிலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிவந்தாள். இலக்கணம், சொல்வளம், பேசேஜ் என்று மூன்று பகுதி. படித்து விடை சொல்லும் பேசேஜ் மட்டும் அறுபது. ஒவ்வொன்றின் கீழும் கேள்விகள், ஏ, பி, சி, டி என்று நான்கு நான்கு விடைகள். இலக்கணத்துக்கும் சொல்லுக்கும் விடை அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே தலைகீழாக அச்சாகியிருந்தது. பேசேஜுக்கான விடைகள் மட்டும் புத்தகக் கடைசியில். அந்தக் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன.

அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. திருப்பிக் கொடுக்கவும் வாய் வரவில்லை. அப்போதுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. இஸ்திரி அறையில் மேற்குச் சன்னல் ஓரமாக, சாயும் வெயிலில் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. யாரோ முன்னால் இந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர்கள் பென்சிலால் விடைகளைச் சுழித்து, அப்புறம் ரப்பரால் அழித்திருக்கிறார்கள். கரி போய்விட்டது, அழுத்திய தடம் போகவில்லை. இத்தனை அழுத்தமாகச் சுழித்தவர் நிச்சயம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று பூனை நினைத்தாள். தெரியாதவர்கள் கை அமுங்காது, அவள் கை அமுங்காத மாதிரி.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்ததும் அந்தச் சன்னலோரம் பத்து நிமிஷம். தடத்தின் மேலேயே தன் பென்சிலை ஓட்டுவாள். அறுபது பேசேஜுக்கும் விடை கிடைத்துவிட்டது. கிடைத்ததை மனப்பாடம் செய்தாள். பேசேஜின் முதல் வரியைப் பார்த்தால் போதும், கேள்விகளுக்குப் பி, டி, டி, ஏ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இப்படி நிறைய விடை தெரிந்தால் விடை போடும் வழி தானாகப் பிடிபட்டுவிடும் என்பது அவள் கணக்கு.

சொல் பகுதிக்குப் பெரியக்காதான் துணை. விரிப்பை உதறி விலகும்போது பூனை சொல்லைச் சொல்லுவாள், நெருங்கி வரும்போது பொருளைச் சொல்லுவாள். நாளாக ஆகப் பெரியக்காவுக்கே பாதி வந்துவிட்டது.

"ஸ்டபர்ன்," என்பாள் பூனை.

"பிடிவாதம்! இதோ இந்த அயோடின் கறை மாதிரி. நீ என்ன பண்ணினாலும் போக மாட்டேன்னு உக்காந்திருக்கும். ஸ்டபர்ன் கழுதை!"

"அரகன்ட்."

"அந்தத் திமிர் வாசல்ல வந்து நிக்குது பாரு," என்பாள் பெரியக்கா, சூப்பர்வைசரைக் கண்ணால் காட்டி. "மெதுவா சொல்லு. அதுக்குப் பொருள் தெரிஞ்சு தொலைக்கப் போகுது."

முதல் வருஷம் முப்பத்தொன்று வந்தது. இரண்டாம் வருஷம் முப்பத்துமூன்று. தாளில் மொத்த மதிப்பெண் மட்டும் இருக்கும். எதில் எவ்வளவு என்று போடமாட்டார்கள். இன்னும் சரியாக மனப்பாடம் செய்யவில்லை என்று பூனை நினைத்துக்கொண்டாள். குழாயடி, பஸ், அடுப்படி, எங்கே நின்றாலும் பி, டி, டி, ஏ. வீட்டில் புருஷன், "எங்க வீட்டு துரைசாணி உலை வைக்கிறாங்களா, உரை எழுதறாங்களா?" என்று கேலி செய்வார். மகள் பத்தாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறவள். ஆரம்பத்தில் ஒருநாள் அம்மாவின் உச்சரிப்பைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைத்தனமான சிரிப்புதான். ஆனால் அதற்கப்புறம் பூனை மகளுக்கு முன்னால் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

இப்போது மூன்றாவது, கடைசித் தடவை. பரீட்சைக்குப் பதினோரு நாள் இருந்தது. காலையில் நீராவிக் குழாய் வெடித்து மூன்று மணி நேரம் வேலை நின்றுவிட்டது. மதியம் விரிப்பு மலைபோல் வந்து குவிந்தது. சொற்பட்டியலை இரண்டு சுற்று முடித்தும் மலை கரையவில்லை.

"போதும்டி, நாக்கு சுளுக்கிக்கிச்சு," என்றாள் பெரியக்கா. "அந்தப் புஸ்தகத்துல கதை கிதை ஒண்ணும் இல்லையா? கடைசிப் பாகம் கதைதான்னு சொன்னியே. ஒண்ணு எடுத்து விடு."

பூனை யோசித்தாள். பேசேஜின் விடைகள் தெரியும். கதையாக எதையும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நம் ஆஸ்பத்திரி மாதிரியே ஒன்று வருமே, பதினேழாவது, என்று தடவித் தடவி, முதல் தடவையாக அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கா. மேல் மாடி வார்டுல எல்லாருக்கும் காய்ச்சல் வருது. கால் உடைஞ்சு வந்தவனுக்கும் காய்ச்சல். டாக்டர்களுக்குப் புரியல. அங்க ஒரு நர்ஸு. அவ ரெண்டு நாள் படிக்கட்டுலயே உக்காந்து பாக்கறா. ஒரு வண்டி, அழுக்குத் துணியைக் கீழ கொண்டு போகுது. அதே வண்டி, வெளுத்த துணியை மேல கொண்டு வருது."

பெரியக்கா விரிப்பின் முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "ஒரே வண்டியா? அடப்பாவிகளா! நடுவுல கழுவறது கூட இல்லையா? அப்புறம் காய்ச்சல் வராம, கல்யாணமா வரும்?"

"இல்லக்கா. கேள்வி அதான். காய்ச்சல் ஏன் பரவுச்சு? விடை டி. சன்னலை மூடி வெச்சிருந்ததால."

"எந்த மடையன் சொன்னான்?"

"புஸ்தகத்துல... தடம் இருக்கு."

"தடமாவது தாம்பூலமாவது! அவ எதுக்குடி ரெண்டு நாள் படிக்கட்டுல உக்காந்தா? சன்னலைப் பாக்கவா? அந்த விடையைப் போட்டவன் ஜென்மத்துல ஒரு அழுக்கு விரிப்பைத் தொட்டவன் இல்ல. போய்ப் பாரு போ!"

பூனை தேநீர் இடைவேளையில் புத்தகத்தைத் திறந்து பதினேழாவதை வரிவரியாகப் படித்தாள். தெரியாத சொற்கள் நாலைந்துதான். சன்னல் வந்தது, ஒரே ஒரு இடத்தில், சன்னல்கள் திறந்தே இருந்தன என்று. வண்டி கடைசிப் பத்தி முழுக்க வந்தது. சி என்ற விடையில் வண்டி இருந்தது. மூன்று வருஷமாக அவள் கண் அந்த வரியின் மேலே ஓடியிருக்கிறது. ஒரு நாள்கூட நின்றதில்லை.

இது ஒன்றுதான் தப்பா, எல்லாமே தப்பா? யாரைக் கேட்பது?

பதிவேட்டுப் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். எல்லோரும் ரிஜிஸ்டர் மேடம் என்பார்கள். வெளியூர்க் கடிதங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறவர். பூனை மறுநாள் காலை, மடித்த விரிப்புக் கட்டின் நடுவில் புத்தகத்தைச் செருகிக்கொண்டு அங்கே போனாள். மேசைக்கு முன்னால் வரிசை. கட்டை ஒரு வார்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டாள். பதினோரு மணிக்கு மறுபடி போனாள். மேடம் தொலைபேசியில் இருந்தார். திரும்பினாள். மூன்றாம் தடவை போனபோது மேடமே நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, இங்க யாருக்கும் படுக்கை போடலையே, மூணு தடவை துணியோட வந்துட்டே?" என்றார்.

பூனை புத்தகத்தை உருவி, பதினேழாவதைத் திறந்து மேசை மேல் வைத்தாள். விரலால் விடையைக் காட்டினாள்.

மேடம் படித்தார். "தப்பு. சி வரணும்." அடுத்த பக்கம் திருப்பினார். "இதுவும் தப்பு. இது... தப்பு. இது சரி. இது தப்பு." கண்ணாடியைக் கழற்றினார். "யாரு போட்ட விடைம்மா இது? நீயா?"

பூனை தடங்களைப் பற்றிச் சொன்னாள். ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக்கித்தான் சொல்ல முடிந்தது. மேடத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பூனையின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது.

"அம்மா, சரியா இருந்தா யாராவது அழிப்பாங்களா? தப்பு பண்ணினவங்கதான் அழிப்பாங்க. அழிச்சிட்டு மறுபடி போட்டுப் பாப்பாங்க."

"மறுபடி போடல மேடம்."

"அப்போ அவங்களும் பாதியிலேயே விட்டுட்டாங்க."

வரிசையில் யாரோ கனைத்தார்கள். பூனை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போதே கணக்குப் பார்த்தாள். மூன்று வருஷமாக, தேறாத யாரோ ஒருத்தரிடம், அதுவும் கைவிட்டுப் போன ஒருத்தரிடம், அவர் தப்புகளை ஒன்று விடாமல் படித்திருக்கிறாள். மனப்பாடமாக, கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக அழிக்க ஆரம்பித்தாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையோடு நின்று பார்த்தாள்.

"என்னம்மா பண்றே?"

"தப்பு. எல்லாம் தப்பு."

அம்மாவின் தேய்ந்த ரப்பர் தாளைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. மகள் தன் பையிலிருந்து புது ரப்பரை எடுத்து நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொல்லித் தரவாம்மா?" என்று கேட்டாள், மெல்லிய குரலில். பூனை தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். ரப்பரை மட்டும் வைத்துக்கொண்டாள். ஏன் மறுத்தோம் என்று பிறகு பல நாள் தன்னையே நொந்துகொண்டாள்.

அழித்தும் தடம் போகவில்லை. இப்போது அதன் மேல் இவளுடைய அழுத்தமும் சேர்ந்து பள்ளம் இரண்டு மடங்காகியிருந்தது. படிக்கும்போது விடைகளை இடது கைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டாள். ஆனால் முதல் வரியைப் பார்த்த உடனே பி, டி, டி, ஏ என்று மண்டைக்குள் கேட்டது. அதற்கு எந்த ரப்பரும் இல்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. விடியற்காலையில் எழுந்து ஒரு பேசேஜைப் படிப்பாள். தெரியாத சொல்லை அகராதியில் பார்ப்பாள். மடிப்பு மேசையில் அதைப் பெரியக்காவுக்குக் கதையாகச் சொல்வாள். பெரியக்கா கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விகளுக்கு முன்னால் புத்தகத்துக் கேள்வி ஒன்றுமே இல்லை.

"அந்தக் கப்பல்காரன் ஏன் திரும்பிப் போகல?"

"புயல்க்கா."

"புயல் நின்னுபோச்சுன்னு இப்பதானே சொன்னே. அப்புறம் ஏன் போகல?"

பூனை தேநீர் இடைவேளையில் குடிக்காமல் ஓடிப்போய்ப் படித்தாள். திரும்பி வந்து விரிப்பை உதறிக்கொண்டே, "அவனுக்குப் போக இஷ்டம் இல்லக்கா. அங்கயே இருக்கணும்னு நெனைச்சான். நேரா எழுதல, ஆனா இருக்கு," என்றாள்.

"அப்படிச் சொல்லு. எனக்கு அப்பவே சந்தேகம். ஆம்பளை எவன் புயலைக் காரணம் காட்டினாலும் நம்பக் கூடாது."

முதல் நாள் ஒரு பேசேஜ். பிறகு இரண்டு. பரீட்சைக்கு முந்தின நாள் மூன்று. பதினேழாவதையும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது. அறுபதில் நாற்பத்தொன்று திறக்காமலே கிடந்தன.   ஒரு முறை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதாள்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. குழந்தைகளுக்கான பெஞ்சு, முழங்கால் இடித்தது. பூனை பேசேஜிலிருந்து தொடங்கினாள். முதலாவது, கடல் நடுவில் ஒரு தீவில் தனியாக இருந்து பறவைகளை எண்ணும் ஒரு பெண்ணைப் பற்றியது. இருபது வருஷம் எண்ணுகிறாள். அவள் எண்ணி அனுப்புவதை யாராவது படிக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியாது. பூனை படித்தாள். பி, டி, டி, ஏ கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பெரியக்காவின் குரல் கேட்டது: சரி, அப்புறம்? அதுக்கு அவ ஏன் கோவப்படல?

"கையை மேல வைங்கம்மா," என்றார் பரீட்சை அறை மேற்பார்வையாளர். பெஞ்சுக்கு அடியில், அங்கே இல்லாத ஒரு விரிப்பின் முனைகளைத் தன் கைகள் சேர்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

நான்கு பேசேஜையும் முடித்து நிமிர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு முடிவு. இலக்கணமும் சொல்லும் மொத்தமாக எழுபது கேள்வி. அடுத்த பக்கத்தைப் புரட்டி எழுத ஆரம்பித்தாள். தெரியும், எல்லாமே தெரியும், பென்சில்தான் ஓட மறுத்தது. பத்தொன்பதாவதைச் சுழிக்கும்போது மணி அடித்தது. தாளை மேற்பார்வையாளர் உருவும்போது கடைசிப் பக்கம் ஒரு நொடி புரண்டது. அதில் முதல் சொல்லே ஸ்டபர்ன். சுழிக்காமல் வெள்ளையாகப் போயிற்று.

முடிவு வந்த அன்று சுவரில் தேறியவர்களின் ஒன்பது எண்கள் இருந்தன. அவளுடையது இல்லை. அவள் அதற்கு அழவில்லை, ஏற்கனவே அழுதாகிவிட்டது. மேடம்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அலுவலகத்தில் பகுதிவாரியாக மதிப்பெண் பிரித்துப் போட்ட பட்டியலைப் பார்த்திருக்கிறார்.

"நாப்பத்தாறும்மா. நாலு மார்க்குல போச்சு. ஆனா பேசேஜ்ல முப்பதுக்கு இருபத்தேழு. தேறின ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட அவ்வளவு வாங்கல. எப்படிப் படிச்சே?"

"மூணு வருஷத்துல பதினோரு நாள்தான் படிச்சேன் மேடம்," என்றாள் பூனை. "பாக்கி நாளெல்லாம் வேற யாரோடதையோ படிச்சேன்."

அந்த அம்மாளிடம் அவள் தடுமாறாமல் பேசிய முதல் பேச்சு அது. மேடம் ஒரு மனுப் போட்டுப் பார்க்கிறேன் என்றார். போடவும் போட்டார். விதி விதிதான் என்று பதில் வந்தது.

சலவைப் பிரிவின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். புத்தகத்தைப் பழைய காகிதக் கடைக்கே கொடுத்துவிடலாம் என்று பூனை பையில் எடுத்து வந்திருந்தாள். கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்தைத் திறந்து, தமிழில், பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள்: இதில் அழித்திருக்கிற விடை எதையும் நம்பாதீர்கள். அப்புறம் அதைத் தடவிப் பார்த்தாள். யாராவது அழித்தாலும் இது தெரியும்.

மடிப்பு மேசையில் கடைசியாக ஒரு நாற்பது விரிப்பு மிச்சம். பெரியக்கா தன் முனைகளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது, ஆனால் வாய் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னடி பார்க்கறே? பிடி. இன்னைக்கு என்ன கதை?"

பூனை முனைகளை எடுத்தாள். விலகி நின்று உதறினாள். "பரீட்சையில வந்துச்சே, அது. ஒரு பொம்பளை, தனியா ஒரு தீவுல பறவையை எண்ணிக்கிட்டு இருக்கா. இருபது வருஷமா."

"தனியாவா?"

"தனியா."

நெருங்கி வந்தார்கள். முனையோடு முனை சேர்ந்தது.

"அவளுக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி? யாரு கொண்டு வந்து குடுப்பா?"

"மாசம் ஒரு படகு வரும்க்கா. மாவும் எண்ணெயும் இறக்கிட்டுப் போகும். முதல் பத்தியிலேயே இருக்கு."

"அதைக் கேட்டானா பேப்பர்ல?"

"கேக்கல."

"அதைக் கேக்காம என்னடி பரீட்சை நடத்தறான்?" என்றாள் பெரியக்கா. "சரி, மேல சொல்லு."

மறுபடி விலகினார்கள். பூனை மேலே சொன்னாள்.